மாமாவின் வலது கால்

என் மாமா விண்வெளி ஆராய்ச்சி செய்தவர். நம்ப மாட்டீர்கள். ஆளை நேரில் பார்த்தால் இன்னும் நம்ப மாட்டீர்கள். இருபத்திரண்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். ராட்டினத்தில் ஏறினாலே தலை சுற்றும். ஆனாலும் செய்தார், அதுவும் படுத்துக்கொண்டே.

அதற்கு முந்தின வருஷம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்றரை மாதம் கட்டில். எலும்பு கூடிவிட்டது, கால் குச்சியாகிவிட்டது. எழுந்து நின்றால் மடங்கியது. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: “படுத்தே கிடந்தா தசை கரைஞ்சிடும். விண்வெளிக்குப் போறவங்களுக்கும் இதே கதிதான். அங்க கால்ல பாரமே விழாதுல்ல?”

அந்த ஆஸ்பத்திரிச் சுவரிலேயே பல்கலைக்கழகத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கால் இளைப்பதை ஆராய வேண்டும், அறுபது நாள் படுத்திருக்க ஆரோக்கியமான ஆட்கள் தேவை. மாமா அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

“ஞாயித்துக்கிழமை வீட்ல பண்றத அங்க போய் ரெண்டு மாசம் பண்ணப் போறீங்க. இதுக்கு ஆராய்ச்சின்னு பேரு வேற!” என்றார் அத்தை.

“நீ வேணா பாரு. உனக்கு வந்தது இன்னொருத்தருக்கு வராம பண்றேன்.”

“முதல்ல குறட்டை வராம பண்ணுங்க.”

போன பிறகுதான் தெரிந்தது, அது லேசுப்பட்ட படுக்கை இல்லை. தலைமாடு கால்மாட்டை விட ஒரு சாண் தாழ்வு. ரத்தமெல்லாம் தலைக்கு ஏறும், காலில் பாரம் விழாது. விண்வெளியில் இருக்கிற மாதிரியே. சாப்பாடு, குளியல், பல் தேய்ப்பது எல்லாம் படுத்தபடியே. தலையைத் தூக்கினால் தப்பு. காலை எதிலாவது ஊன்றினாலும் தப்பு.

குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்குக் கட்டிலிலேயே ரப்பர் பட்டையால் பயிற்சி கொடுத்தார்கள். மாமாவுக்கு விழுந்தது சும்மா கிடக்கிற கூட்டம்.

“என்னங்க மேடம், இதுக்கா வந்தேன்?”

ஆராய்ச்சி மேடம் மருந்தை அளந்து ஊற்றுகிற மாதிரி பேசுவார். “நீங்க. சும்மா. கிடந்தாத்தான். பயிற்சியால என்ன பலன்னு. ஒப்பிட முடியும்.”

மாமா உடனே நெஞ்சை நிமிர்த்தினார். படுத்தபடிதான்.

பொழுது போக வேண்டுமே! அவரோடு ஒன்பது வருஷம் ஓடிய கண்டக்டர் ஒரு வழி சொன்னார். தினமும் நாலு மணி டிரிப்பில் மாமாவுக்குப் போனைப் போட்டு, அப்படியே தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கண்டக்டருக்குத் தகர டப்பாவில் ஆணி உருட்டிய குரல். “உள்ள போ, உள்ள போ! படியில என்ன குடித்தனமா பண்றே? அண்ணே, கேக்குதா? உன் இடத்துல வந்திருக்கான் பாரு ஒருத்தன், பிரேக் போட்டா மொத்த பஸ்ஸும் என் மேலதான் விழுது!” ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. முப்பத்தெட்டு நிறுத்தம். மாமா கண்ணை மூடிக்கொண்டு முழு டிரிப்பும் போய் வருவார்.

நாற்பத்துநாலாம் நாள் ஸ்கேன். இடது கெண்டைக்கால் எதிர்பார்த்தபடி இளைத்திருந்தது. வலது கால் வந்த அன்று இருந்த மாதிரியே ஜம்மென்று இருந்தது.

“ரகசியமா. பயிற்சி. செய்யறீங்களா?”

“சத்தியமா இல்லைங்க மேடம்!”

அன்று நாலு மணிக்கு மேடம் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். போனில் ஒரு விசில் கேட்டது. போர்வைக்குள் வலது பாதம் கட்டிலின் கம்பியை நச்சென்று மிதித்தது. அடுத்த நிறுத்தத்து விசில், மறுபடி நச். இருபது வருஷமாக பிரேக் மிதித்த பழக்கம், மிதித்தவருக்கே தெரியவில்லை. மேடம் போர்வையை விலக்கிக் காட்டினார்.

“உங்கள. கணக்குல. சேர்க்க முடியுமான்னு. தெரியல.”

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. “மேடம், நாப்பத்திநாலு நாளா தலையத் தூக்கலைங்க. எல்லாம் வீணா?” கொஞ்சம் யோசித்தார். “இடது காலையாவது எடுத்துக்கங்க! எங்க புது பஸ்ஸுல இடது காலால மிதிக்க கிளட்ச் கிடையாது. அந்தக் கால் நிஜமாவே சும்மாதான் கிடந்துச்சு!”

குழு கூடி முடிவு சொல்ல மூன்று நாள். அந்த மூன்று நாளும் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை போன் செய்தார். கிண்டல் வருமென்று மாமா காத்திருக்க, குரல் வேறு மாதிரி வந்தது.

“அவங்க சேத்துக்கிட்டாலும் சரி, சேத்துக்கலைன்னாலும் சரி. அறுபதையும் முடிச்சிட்டு வாங்க. பாதியில எழுந்து வந்தா கதவத் திறக்க மாட்டேன்.”

நாலாம் நாள் மேடம் ஓடி வந்தார். முதல் தடவையாக அளக்காமல் கொட்டினார். “இடது கால் எங்க கணக்குல சேந்துடுச்சு! வலது காலுக்குத் தனியா ஒரு கணக்கு! போனை நிறுத்தாதீங்க, விசிலை எண்ணணும்!”

கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. “தள்ளி நில்லுய்யா, விண்வெளிக்கு விசில் அடிக்கறேன்ல!” என்று பயணிகளை அதட்டினாராம்.

ஒரு காலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று மேடமே சொன்னார். அதனால் அடுத்த வருஷம் பன்னிரண்டு பேரைப் படுக்க வைத்து, ஆளுக்கொரு மிதிகட்டை கொடுத்து, அளவாக மிதிக்கச் சொன்னார்கள். கால்கள் அவ்வளவாக இளைக்கவில்லை. மிதிகட்டை ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்தது. நர்ஸுகள் அதற்கு வைத்த பெயர் ‘பிரேக்’.

இரண்டு மாதத்துக்கு முன் அத்தைக்கு அதே இடுப்பில் ஆபரேஷன். ஆறு வாரம் அதே வார்டு. இந்தத் தடவை கால்மாட்டில் பிரேக் இருந்தது. மாமா பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், மாத்திரை வண்டி தள்ளுகிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. “இது என் கால்லேருந்து வந்ததுங்க. இந்த வலது கால். தொட்டு வேணா பாருங்க.” எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். தப்பிக்க வேறு வழியில்லை.

எழுந்து நிற்க வேண்டிய நாள் காலையில் மாமா வாக்கரைத் துடைத்து வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். அத்தை காலைத் தரையில் ஊன்றினார். மடங்கவில்லை. நின்றார். ஒரு அடி, இரண்டு அடி, ஜன்னல் வரைக்கும் ஏழு அடி.

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

அத்தை திரும்பிப் பார்க்காமலே வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னார்: “என் வீட்டுக்காரர் ரெண்டு மாசம் படுத்துக் கண்டுபிடிச்சது. வேற யாராலயும் அவ்வளவு நல்லா படுக்க முடியாது.”