கரண்ட் வந்துடுச்சு, நெட் வரல

கரண்ட் போனால் கரண்ட் ஆபீஸைத் திட்டுவார்கள். கரண்ட் வந்த பிறகு எங்களைத் திட்டுவார்கள். வீட்டு இணைய இணைப்பைப் பழுது பார்க்கிற வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில், ஆம்பூரில் தங்கி, சுற்றுவட்டாரம் முழுக்க ஸ்கூட்டியில் போய் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். கையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, பையில் ஒரு மீட்டர், ஸ்க்ரூடிரைவர், உபரியாக ஒரு மோடம். அப்போது தினமும் ரெண்டு மணி நேரமாவது கரண்ட் கட். திரும்பி வந்த அஞ்சாவது நிமிஷம் என் செல்போன் அடிக்க ஆரம்பிக்கும். மோடத்தில் சிமிட்டிக்கொண்டே இருந்த அந்தப் பச்சை விளக்கை, ‘நில்லு, நில்லு’ என்று வேண்டியபடி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், வாங்க, நாம் ஒரே ஜாதி.

ஆள் வரல

பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒரு வீடு. பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆன பெரியவர் கேட்டைத் திறந்தார். என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். “நெட் கம்ப்ளெய்ன்ட் சார்” என்றதும், “உள்ள உக்காரும்மா” என்றார். அவர் மட்டும் வாசலிலேயே நின்றார்.

கரண்ட் போனதும் பயந்துபோய் எல்லா பிளக்கையும் பிடுங்கியிருக்கிறார். திரும்ப மாட்டும்போது கார்ட்லெஸ் போனின் அடாப்டர் மோடத்துக்கும், மோடத்தின் அடாப்டர் போனுக்கும் போய்விட்டது. மாற்றி மாட்டினேன். ரெண்டு நிமிஷத்தில் நெட் வந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். பெரியவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“ரொம்ப நல்லதும்மா. மெக்கானிக் வந்தா, நீயே சரி பண்ணிட்டேன்னு சொல்லி அனுப்பிட்றேன்.”

பத்து வரைக்கும்

வாணியம்பாடியில் ஆண்கள் எல்லாம் தோல் மண்டிக்குப் போய்விட்ட பகல் நேரத்தில், “லேடி மெக்கானிக்கை அனுப்புங்க” என்று கேட்கும் வீடுகள் உண்டு. ஃபாத்திமாம்மா வீடு அதில் ஒன்று. மகன் துபாயில். சாயந்திரம் கம்ப்யூட்டரில் அவன் முகத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் அந்த மோடத்தில் இருந்த யூசர் நேம், பாஸ்வேர்ட் எல்லாம் காணாமல் போய்விடும். திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். மறுநாளே மறுபடியும் போன். மோடத்தை மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். எனக்கே பேஜாராகிவிட்டது.

நாலாவது தடவை, கரண்ட் போய் வருகிற வரைக்கும் அங்கேயே இருப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, கடைசியில் கரண்டும் வந்தது. உடனே ஃபாத்திமாம்மா எழுந்தார். துப்பட்டாவில் இருந்து ஒரு ஊக்கைக் கழற்றினார். மோடத்தின் பின்பக்கம் இருக்கிற சின்ன ஓட்டையில் அதை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு “ஏக், தோ, தீன்...” என்று எண்ண ஆரம்பித்தார். அது மோடத்தில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுகிற பொத்தான்! பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். எப்போதோ ஒருநாள் கஸ்டமர் கேரில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் விடாமல் செய்துகொண்டிருக்கிறார்.

“அன்னிக்கு போன்ல ‘குத்தி, பத்து எண்ணுங்க’ன்னு சொன்னாங்க. ‘போதும், இனிமே குத்தாதீங்க’ன்னு யாருமே சொல்லலியேம்மா!”

பிரிட்ஜ் பக்கம் பார்க்கவில்லை

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்த செல்வராஜ், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார். வீட்டில் இருந்து சரக்கு லிஸ்ட் ஒன்று மெயிலில் போகவேண்டும். அது போனால்தான் கண்டெய்னர் கிளம்பும். பாதி போவதற்குள் மோடம் அணைந்து அணைந்து எரிகிறது.

அவர் வீட்டுக்குப் பின்னாலேயே தோல் ஷெட்டுகள். கரண்ட் வந்ததும் அத்தனை மோட்டாரையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்டேஜ் நூற்று நாற்பதுதான். ஒரு ஸ்டெபிலைசர் இருந்தால் போதும். தொழுகை நேரம், கடைகள் சாத்தியிருந்தன. வீட்டில் இருந்த ஒரே ஸ்டெபிலைசர் பிரிட்ஜில் மாட்டியிருந்தது. செல்வராஜ் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அதற்கு மேல் ரெண்டு பேருமே பிரிட்ஜ் பக்கம் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் அவர் மனைவி மேரியக்கா நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்காக மூணு கிலோ மீன் உள்ளே இருந்தது. எங்கள் ரெண்டு பேர் மூஞ்சியையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, அவரே போய்ப் பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, ஸ்டெபிலைசரை என் கையில் கொடுத்தார். மூணேகால் மணிக்கு லிஸ்ட் போய்ச் சேர்ந்தது.

“மீன இப்பவே வறுத்துட்றேன். நீயும் சாப்ட்டுதான் போவணும், அத்தனையும் யார் தின்றது?”

தலைகீழ்

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கணக்கு வாத்தியார், இருதயராஜ் என்று பேர். “ஊர்ல எல்லாருக்கும் கரண்ட் போனா நெட் போவும். எனக்கு கரண்ட் வந்தா நெட் போவுது” என்றார். ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். போனால், கிராஃப் நோட்டில் பதினெட்டு நாளைக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார்! மோடம் இன்வெர்ட்டரில் இருந்ததால் கரண்ட் இல்லாதபோதும் எரியும். அப்போது மட்டும் நெட் பறக்கிறது.

வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே வந்து போன் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். வயர் தொங்குகிறதே என்று போன வருஷம் இவரே அதைத் தூக்கி, கிணற்று மோட்டாருக்குப் போகிற வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால் போன் வயரில் இரைச்சல். நான் மோடம் பக்கத்தில் நின்றேன், அவர் மோட்டாரை நிறுத்தினார். விளக்கு நின்று எரிந்தது. போட்டார், சிமிட்டியது. ஏழு தடவை போட்டுப் போட்டு நிறுத்தினார், ஒவ்வொரு தடவையும் “இப்போ? இப்போ?” என்று கத்திக்கொண்டே. கட்டைப் பிரிக்க நான் ஏணி கேட்டபோது அவர் முகம் வாடிவிட்டது.

“இன்னிக்கு பிரிக்காதம்மா, ஒரு நாள் விட்டுடு. நாளைக்கு டென்த் பசங்கள கூட்டினு வந்து காட்டணும்.”

மூணு மணி

வேலூர் சத்துவாச்சாரியில் ஹெலன் என்று ஒரு நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே இன்டர்வியூ, மத்தியானம் மூணு மணிக்கு. ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தது, நெட் வரவில்லை. அன்றைக்கு வேலூரிலேயே வேறு வேலையாக இருந்த நான் போய்ச் சேர்ந்தபோது ரெண்டரை. இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையில், மடங்கிவிடும் என்று உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

வீட்டில் பழுது இல்லை. தெருமுனையில் எங்கள் கம்பெனிப் பெட்டியே செத்துக் கிடந்தது. சாவி இருக்கிற ஆள் காட்பாடியில். “ஒரு மணி நேரம் ஆகும்மா” என்று உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. “ரெண்டு வருஷமா படிச்சேன்க்கா” என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த தெருவில் ஜெனரேட்டர் வைத்த பிரௌசிங் சென்டர் ஒன்று வேறு கம்பெனி லைனில் ஓடுவது நினைவு வந்தது. ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். போய்ச் சேர்வதற்குள் கரண்ட் மறுபடியும் போய், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் நெட் திணறிக்கொண்டிருந்தது. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், ஓனர் சொல்வதற்கு முன்னாலேயே நாலு பேரும் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து நிமிஷம் யாரும் எதையும் தொடவில்லை. ஜெனரேட்டர் மட்டும் சுவருக்குப் பின்னால் தடதடத்தது. அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததைப் பின்னால் அவள் மாமியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வெளியே வந்தவள் சொன்னது இது:

“‘அங்க இன்னா சத்தம்’னு கேட்டாங்கக்கா. ‘எங்க ஊர்ல கரண்ட் இப்டித்தான் சத்தம் போட்னு வரும்’னு சொன்னேன், சிரிச்சிட்டாங்க.”

இத்தனை வீடு ஏறி இறங்கிய எனக்கு, இன்றைக்கு என் வீட்டில் நெட் நின்றுபோனால் முதலில் தோன்றுவது, மோடத்தின் தலையில் ரெண்டு தட்டு தட்டிப் பார்க்கலாம் என்பதுதான்.