வாம்பட் பொம்மைக்கு ஒரு கேட்

எங்கள் ஊர் பிண்டாராவில் ஒரு மாடு தப்பித்து ரோட்டுக்கு வந்துவிட்டால், "இது மார்னி போட்ட வேலியா இருக்காது" என்று போலீஸ்காரரே சொல்லுவார். மார்னி என் அம்மா. இருபத்தாறு வருடமாக வேலி போடுகிறாள். கோதுமைக் குதிர்கள் தொடங்கி உப்பு ஏரி வரைக்கும், எந்தப் பண்ணைக்குள் போனாலும் அவள் இழுத்துக் கட்டிய கம்பியைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கம்பிதான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டமளிப்பு அன்று அம்மாவோடு கைகுலுக்கிய பேராசிரியர், அவள் திரும்பியதும் அவள் பிடியில் நொந்த விரல்களை மெல்ல உதறிக்கொண்டார். அதைப் பார்த்தபோது வந்த பெருமை எனக்கு மேடையில் நின்றபோதுகூட வரவில்லை.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலி போடக் கூப்பிட்டால் நீளம் எவ்வளவு, மாடா ஆடா என்றெல்லாம் முதலில் கேட்க மாட்டாள். "கேட் எங்க வேணும்?" இதுதான் முதல் கேள்வி. அது முடிவாகாமல் ஒரு கம்பம் மண்ணில் இறங்காது. "அடைச்சு வைக்க எவனாலயும் முடியும். வெளிய விடத் தெரியணும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் கேட் இல்லாமல் ஒரே ஒரு வேலி போட்டாள். அதுவும் ஒரு சைக்கிளில்.

பக்கத்து வீட்டு கெர்ரி மருத்துவமனையில் நர்ஸ். காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அவளுடைய ஆறு வயது மகள் பிப்பா எங்கள் வீட்டில் ரொட்டி தின்றுவிட்டு, தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து சைக்கிளில் பள்ளிக்குப் போவாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கிரேவி வரும் வரைக்கும். கிரேவி என்பது ஒரு வாம்பட் பொம்மை; வாம்பட் என்பது எங்கள் காட்டில் வளை தோண்டி வாழும், கரடிக்குட்டி போன்ற குண்டு விலங்கு. பழுப்பு நிறம், பூனை அளவு, முக்கால்வாசி வயிறு. வந்த நாளிலிருந்து அதை விட்டுவிட்டுப் பிப்பா கழிப்பறைக்குக்கூடப் போனதில்லை. ஒரு கையில் கிரேவி, இன்னொரு கையில் ஹேண்டில்பார் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் குஞ்சு பொரித்த மேக்பை பறவை ஒன்று யூகலிப்டஸ் மரத்திலிருந்து அவள் தலையைக் கொத்தப் பாய்ந்தது. பிப்பா ஜல்லியில் விழுந்தாள். தாடையில் நான்கு தையல். கிரேவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது கெர்ரி எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு பொம்மை வீட்ல இருக்கணும், இல்ல சைக்கிள் வீட்ல இருக்கணும்."

"அப்ப நானும் வீட்லயே இருக்கேன்" என்றாள் பிப்பா, மேசைக்கு அடியிலிருந்து.

"கேட்டியா மார்னி? இவள நானே கொண்டு விடணும்னா காலை வேலைய விடணும். இந்த ஊர்ல எனக்கு வேற எந்த வேலை இருக்கு?"

அம்மா தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "ஸ்கூல் என்னைக்கு?"

"திங்கக்கிழமை."

"ரெண்டு நாள் இருக்குல்ல. சைக்கிள இங்க விட்டுட்டுப் போ."

சனிக்கிழமை முழுக்க எங்கள் வாசலில் கூட்டம்தான். முதலில் அம்மா பால் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை முன்னால் கட்டினாள். சின்னச் சைக்கிளுக்கு அது பெரிய வீடு. பாரத்தில் முன்சக்கரம் தானாகத் திரும்பிக்கொண்டது. அடுத்து ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை. நல்லவேளை, முதல் சுற்றைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தாள். பையின் வார் ஆரக்கம்பியில் சிக்கி, சக்கரம் அப்படியே நின்றது.

எதிர் வீட்டு நெவ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மார்னி! பொம்மைக்கே இந்தப் பாடுன்னா மாட்ட எப்படி அடைக்கிற?"

"நீங்க வாயில போட்டுக்க ஒரு கம்பி தரேன், இருங்க நெவ்."

நான் லீவுக்கு வந்திருந்தேன். சும்மா இருக்கவில்லை. "பாரம் பின்னாடி, தாழ்வா இருக்கணும்மா" என்றேன்.

"இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சியா? குதிரை மேல மூட்டை கட்டினவன் எந்தக் காலேஜுக்குப் போனான்?" என்றாள். ஆனால் பொம்மையைப் பின்னால்தான் வைத்தாள், தாழ்வாக.

சக்கரத்துக்கு மேலே ஒரு சின்னப் பலகை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் வேலிக் கம்பி. கிரேவியை உள்ளே உட்கார வைத்து, வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பி, தோளுக்கு மேலே ஒரு கம்பி. ஒவ்வொரு முனையையும் எட்டுப்போல மடக்கி, தன் பெயர்போன முடிச்சைப் போட்டுக் குறடால் இறுக்கினாள். பிறகு சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினாள். கிரேவி அசையவில்லை.

"காளை மாடு மோதினாலும் வராது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிப்பா இரண்டு கையாலும் பிடித்துக் குதிர்களைச் சுற்றி ஓட்டினாள். தெருவே கை தட்டியது. அன்று ராத்திரி கிரேவி சைக்கிளிலேயே இருக்கட்டும் என்று சைக்கிளைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாளாம். கெர்ரி அதைச் சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். ஏன் அப்படிச் செய்தாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

திங்கள் காலை ஒன்பதேகாலுக்குப் பள்ளியிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. பிப்பா வகுப்புக்கு வர மறுக்கிறாள், கெர்ரியைக் கூப்பிடட்டுமா?

"கெர்ரிய விட்டுருங்க. நான் வரேன்."

வண்டியை நான் ஓட்டினேன். வழி முழுக்க அம்மா வண்டியின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கெர்ரியின் வேலை இந்த ஒரு சைக்கிளில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பள்ளியின் சைக்கிள் கொட்டகையில், சிமெண்டுத் தரையில் பிப்பா உட்கார்ந்திருந்தாள். கம்பிக்குள் ஒரு விரலை விட்டுக் கிரேவியின் காலைப் பிடித்திருந்தாள். டீச்சர் அம்மாவிடம் மெல்ல, "நானும் இழுத்துப் பார்த்தேன், தோட்டக்காரரையும் கூப்பிட்டுப் பார்த்தோம். அந்த முடிச்ச எங்களால அவுக்க முடியல" என்றார்.

"அவுழாது" என்றாள் அம்மா. பழக்கத்தில் கொஞ்சம் பெருமையாகவே வந்துவிட்டது அந்தச் சொல்.

பிப்பா நிமிர்ந்து பார்த்தாள். "மார்னி, கிரேவியோட கேட் எங்க?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று. இருபத்தாறு வருடத்தில் எந்தப் பண்ணைக்காரனும் அவளை இந்தக் கேள்வி கேட்டதில்லை. கேட்க வேண்டிய நிலைக்கு அவள் யாரையும் விட்டதில்லை.

"நான் உங்கிட்ட கேக்கவே இல்லயா?"

"இல்ல. என்னைக்கு ஸ்கூல்னு அம்மாகிட்டதான் கேட்டீங்க. ஆனா கிரேவி என்னோடவன்."

"ஆமா. தப்பு என்னோடது."

இடுப்பில் குறடு இருந்தது. நறுக்கென்று வெட்டிப் பொம்மையைக் கையில் கொடுத்திருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அம்மா குறடை எடுக்கவேயில்லை. கம்பியைப் பார்த்தபடி, ஐயாயிரம் ஏக்கர்காரனிடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"கேட் எங்க வேணும்?"

பிப்பா எழுந்து சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். ஏறுவதுபோல நின்று பார்த்தாள், இறங்குவதுபோல நின்று பார்த்தாள். "இந்தப் பக்கம்" என்று இடப்பக்கத்தைக் காட்டினாள். "நான் இப்படித்தான் இறங்குவேன்."

அதற்குப் பிறகுதான் குறடு வெளியே வந்தது. அரை மணி நேரம். இடப்பக்கக் கம்பிகளை வெட்டி, சின்னச் சட்டமாக மடக்கி, இரண்டு வளையத்தில் தொங்கவிட்டாள். பூட்டுக்கு, வண்டியில் கிடந்த நாய்ச் சங்கிலியில் ஒரு சாண். பண்ணைக் கேட்டுகளில் இருக்குமே, சங்கிலிக் கண்ணியைத் தூக்கிச் சட்டத்திலுள்ள பிளவில் இறக்கினால் தீர்ந்தது, அதே மாதிரி. பிப்பா திறந்தாள், மூடினாள். ஒரு கையால் பத்துத் தடவை. பதினோராவது தடவை கிரேவியை இறக்கிக்கொண்டு, கேட்டை மறக்காமல் சாத்திவிட்டு, டீச்சருக்கு முன்னால் வகுப்புக்குள் நடந்தாள்.

"சாத்திட்டுப் போறா பாத்தியா?" என்றாள் அம்மா என்னிடம். "பெரிய பெரிய ஆளுங்களே மறந்துடுவாங்க."

கெர்ரி அன்றும் மாலை மூன்று மணிக்குத்தான் வேலை முடிந்து வந்தாள். இன்றுவரை அதே வேலையில்தான் இருக்கிறாள்.

செவ்வாய் காலை ஏழரைக்கு அம்மா வண்டியில் கம்பிச் சுருள்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பிப்பா வந்தாள். தலைக்கவசத்தில் மேக்பைக்குப் பயந்து பிளாஸ்டிக் பட்டைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. கிரேவியும் கவசம் போட்டிருந்தான்: தயிர் டப்பா, அதில் முள்ளு நான்கு. அவள் பின்னால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் சைக்கிளோடு நின்றார்கள். லாக்லன் கையில் மண் அள்ளும் பொம்மை வண்டி. அவன் தங்கை கையில் ஒற்றைக்கால் டைனோசர். இன்னொருத்தியிடம் ஒரு பை நிறையக் குதிரைகள்.

எதிர் வீட்டிலிருந்து நெவ் கத்தினார். "மார்னி! ஹென்டர்சன் பண்ணையில மாடுங்க வெளிய நிக்குதாம்!"

"நிக்கட்டும். இவங்களுக்கு ஒன்பது மணிக்கு பெல்."

அம்மா கம்பிச் சுருளைக் கீழே இறக்கி வைத்தாள். லாக்லன் முன்னால் குத்துக்காலிட்டு, அவன் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்படி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க சார். கேட் எங்க வேணும்?"