பரலுக்குப் போட்ட ஜக்கெற்

1. கதிரை இல்லாத கடை

கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதிக்கரையில் இருந்த அந்த ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இருக்க ஒரு கதிரை கேட்டேன். முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த கக்கூசுக் கொமட்டுகளைக் காட்டினார்.

"தங்கச்சி, பன்னிரண்டு கிடக்கு. விருப்பமானதிலை இரும். ஆள் இருக்கிறதைக் கண்டாத்தான் சனம் நம்பி வாங்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏ.எல் படித்த பெண்பிள்ளை, வீதியால் போகிற பஸ்ஸெல்லாம் பார்க்க கொமட்டில் இருந்து பில் எழுதுவதா? ஆனால் வீட்டில் வேறு வருமானம் இல்லை. மூடியைப் போட்டு, அதற்கு மேல் ஒரு பேப்பரை விரித்து, வரிசையில் கடைசியாக இருந்த வெள்ளைக் கொமட்டில் போய் இருந்தேன். ஒரு மாதத்தில் ஊர் முழுக்க எனக்குக் 'கொமட் சறோ' என்று பெயர் வைத்துவிட்டது. பேர் வைத்தவர்கள் அத்தனை பேரும் பிறகு என்னிடம்தான் கொமட் வாங்கினார்கள். அதை நான் மறக்கவில்லை.

இப்போது வேலையை விட்டாயிற்று. பாத்ரூம் சாமான் விற்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ சொல்லலாம். கழிவுக் குழாயில் எஸ் ட்ராப், பி ட்ராப் வித்தியாசம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. மாணிக்கத்தாரின் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் அதைச் சொல்கிறேன்.

2. சாரதி ஆசனம்

ஒரு மார்கழி மாதம். நாள் முழுக்கத் தூறல். உருத்திரபுரத்திலிருந்து ஓட்டோ பிடித்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்து இறங்கினார்கள். அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி மாணிக்கத்தார். இடுப்பில் ஒப்பரேசன் செய்து மூன்று மாதம், கையில் பொல்லு. அவா கமலாக்கா. அவாவின் கையில் ஒரு போன். போனுக்குள் அவர்களுடைய ஒரே மகள் வதனி, நோர்வேயிலிருந்து.

சங்கதி இதுதான். மாணிக்கத்தாருக்கு இனிக் குந்தி இருக்க ஏலாது. வீட்டுப் பாத்ரூமோ நாலடிக்கு ஐந்தடி. வாய்க்கால் பக்கமாக, பலா மரத்துக்குக் கீழே, வெயிலே படாத இடம். மார்கழி விடியற்காலையில் கூரைக்கு மேல் நிற்கிற தாங்கித் தண்ணீர் பட்டால் மனுசன் துள்ளிக் குதிப்பார், இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்து பின்னேரத்தில் தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டார். டொக்டர் ஏசியிருக்கிறார்.

"அன்ரி," என்றது போன். "வெந்நீர் வந்து தானாக் கழுவிற சீற் ஒண்டு போடுங்கோ. நான் தையிலை வாறன். வந்து பாக்கேக்கை அந்தப் பாத்ரூம் சரியில்லையெண்டால், ரெண்டு பேரையும் கையோடை ஒஸ்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவன். விசா அலுவல் எல்லாம் பாத்தாச்சு."

மாணிக்கத்தார் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ரெண்டரை ஏக்கர் நெல்லுக் கதிர் தள்ளுது. தை கடைசியிலை வெட்டு. நான் ஒஸ்லோவிலை போய் என்னத்தை வெட்டுறது? பனியையோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பொல்லால் நிலத்தைக் குத்திக்கொண்டே நின்றார். அப்பனிடமிருந்து வந்த வாய்க்கால் காணி. ஒரு கக்கூசால் அதை விட்டுப் போக வேண்டி வந்தால் எந்த மனுசன் தாங்குவான்?

சரி, வேலையைப் பார்ப்போம் என்று மூன்று வகையைக் காட்டினேன். ஒன்று, சுவரில் கொழுவுகிற கைப்பிடி ஷவர். இரண்டு, கரண்ட் இல்லாமல் தண்ணீர் அமுக்கத்தில் வேலை செய்கிற பிடே சீற், கொமட்டுக்கு மேல் பூட்டுகிற இருக்கை. பக்கத்தில் ஒரு குமிழ், திருப்பினால் கீழிருந்து பீச்சும், வருகிற தண்ணீர் எந்தச் சூட்டில் வருகிறதோ அந்தச் சூடுதான். மூன்று, கரண்ட் சீற். தண்ணீரும் சூடு, இருக்கையும் சூடு, வலப்பக்கம் கைபோல் நீட்டிக்கொண்டு ஒரு பட்டன் பலகை. எங்கள் கடையில் அது ஒன்றே ஒன்று, வாங்க ஆளில்லாமல் தூசு பிடித்துக் கிடந்தது.

முதலாளியின் சட்டம் ஒன்று உண்டு: இருந்து பார்க்காமல் யாருக்கும் விற்கக் கூடாது. மாணிக்கத்தாரிடம் சொன்னேன்.

"நாப்பது வருசம் பஸ் ஓடினனான். எனக்கு சீற்றிலை இருக்கப் பழக்குறியோ?" என்றார்.

ஆனாலும் இருந்தார். ஒவ்வொன்றிலும் இருந்தார். ஏறியதும் முதலில் முதுகை நிமிர்த்துவார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஸ்டியரிங் பிடிப்பார். வலக்காலால் பிறேக்கை அமத்துவார், இடக்காலால் கிளச். பிறகு தலையைத் திருப்பிப் பக்கக் கண்ணாடி பார்ப்பார். மூன்றாவது கொமட்டில் இருக்கும்போது கடைக்கு முன்னால் சனம் கூடிவிட்டது. ஒருவன் ஏறுகிறேன் என்று கையைக் காட்டினான்.

"கால் வைக்க இடம் காணாது," என்று நாலாவதை ஒதுக்கினார். "இது முன்பக்கம் சரியுது, இறக்கத்திலை கஷ்டம்," என்று ஐந்தாவதை. கடைசியில் எனது வெள்ளைக் கொமட். நான் எழும்பி இடம் விட்டேன். அதில் ஏறி, ஸ்டியரிங் பிடித்து, கண்ணை மூடி, யாழ்ப்பாணம் போய் வந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"இது ஓடும்," என்றார்.

பத்து வருசம் நான் இருந்த இடம். கொடுக்க மனமில்லைதான். கொடுத்தேன். கூடவே அந்தக் கரண்ட் சீற்றையும் விற்றேன். நான் அடித்த கதைக்கு இரும்பும் உருகியிருக்கும். மூன்று வருசமாக விற்காத சாமானைத் தள்ளிவிட்ட பெருமையில் அன்றைக்கு நான் நிலத்தில் நடக்கவில்லை.

3. பலா மரத்துக்குக் கீழே

அளவெடுக்க நானே போனேன், எங்கள் பிளம்பர் செல்வத்தோடு. நீளம், அகலம், கதவு திறக்கிற பக்கம், சுவரிலிருந்து குழாய் எத்தனை அங்குலம், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் பிளக் பொயின்ற், ஏர்த் வயர், எல்லாம் எழுதினேன். கடையில் வந்து சோக்கால் நிலத்தில் அதே அளவில் கோடு போட்டு, உள்ளே சாமானை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அளக்கிற நாழி அகவிலை அறியுமோ என்பார்கள். என்னுடைய மெசரிங் ரேப்பும் அந்தச் சாதிதான்.

பூட்டுகிற நாள் காலை. செல்வம் கொமட்டை இருத்தி, சீமெந்து பூசி முந்தநாளே காயவிட்டிருந்தான். அன்றைக்குக் கரண்ட் சீற்றைப் பூட்டினான். பச்சை லைற் எரிந்தது. வதனியும் வீடியோவில் வந்துவிட்டா. நான் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

அப்போது கமலாக்கா முற்றத்திலிருந்து தண்ணீர் பிடிக்கிற நீலப் பிளாஸ்ரிக் பரலை உருட்டிக்கொண்டு வந்தா.

வன்னியில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனை பைப் போட்டாலும், தலைக்கு மேல் எத்தனை தாங்கி வைத்தாலும், பாத்ரூமுக்குள் ஒரு பரல் நிறையத் தண்ணீரும் அதற்கு மேல் ஒரு கோப்பையும் இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. கரண்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் நாங்கள் இல்லை. என் வீட்டிலும் பரல் நிற்கிறது. செல்வம் வீட்டிலும் நிற்கிறது. அளவெடுத்த அன்றைக்கும் அது அங்கேதான் நின்றது. அதை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் ரேப்பைப் பிடித்தேன். ஆனால் சுவரைப் போல, கூரையைப் போல அது பழகிய சாமான். அதை ஒரு சாமானாகவே என் கண் எடுக்கவில்லை.

"அக்கா, பரலுக்கு இடமில்லை," என்றேன்.

"பரல் இல்லாமல் கக்கூசோ? நல்ல கதை. கரண்ட் போனா உந்த மிசின் வந்து கழுவுமோ?"

செல்வமும் கமலாக்காவும் பரலைத் தூக்கி, கொமட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நெரித்து இறக்கினார்கள். ஓஸ் பைப்பைப் போட்டு நிரப்பினார்கள். கதவு அரைவாசிதான் திறந்தது. மாணிக்கத்தார் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போய், கட்டியிருந்த சாரத்தோடேயே பரீட்சைக்கு இருந்தார்.

நிறைந்த பரல் வயிறு தள்ளும். தள்ளி, வலப்பக்கப் பட்டன் பலகையில் போய்ச் சாய்ந்தது.

"ஐயோ!" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு, "பிள்ளை, வண்டி வெளிக்கிட்டிட்டுது!"

"பட்டனை அமத்துங்கோ ஐயா!"

"பட்டன் பரலுக்குக் கீழை! பிறேக் எங்கை? பிறேக் எங்கை?"

எழும்ப இடுப்பு விடவில்லை, பிடிக்கப் பரல் விடவில்லை. செல்வம் அரைக் கதவுக்குள்ளால் தலையை நீட்ட, மாணிக்கத்தார் ஒரு பக்கம் சரிய, தண்ணீர் நேரே வந்து செல்வத்தின் முகத்தில் அடித்தது. "சூடாத்தான் வருது அக்கா," என்றான் அந்த நிலையிலும். தொழில் பக்தி உள்ளவன். போனுக்குள் வதனி, "அப்பா! அப்பா!" என்று குழறினா. கமலாக்கா போனைக் கதவுப் பக்கம் பிடித்து, "பார், உன்ரை சீற்றைப் பார்!" என்றா.

நான் மெயின் சுவிச்சைத் தேடி ஓடினேன். அதற்குள் கரண்டே போய்விட்டது. தண்ணீர் நின்றது. எனக்குத் தெரிய எங்கள் பக்கத்தில் கரண்ட் போனதற்கு ஆட்கள் கைதட்டியது அந்த ஒரு நாள்தான்.

நனைந்த சாரத்தோடு மாணிக்கத்தாரை வெளியே கொண்டுவந்து இருத்தினோம். அவர் சிரிக்கவில்லை.

"முடிஞ்சுது. பெட்டியைக் கட்டு கமலா," என்றார். வீடியோவும் நின்றுபோயிருந்தது. எனக்குச் செத்துப் போகலாம் போல வெட்கம். விற்காத சாமானை விற்கிற ஆசையில் ஒரு மனுசனை ஊரை விட்டு அனுப்பப் பார்த்தேனே என்று கண் கலங்கிவிட்டது.

கமலாக்கா கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்து புருசனின் கால்களைக் கழுவினா. எனது கையிலும் கொஞ்சம் ஊற்றினா. இளஞ்சூடு.

மார்கழியில் தாங்கித் தண்ணீர் இரவு முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். கிணற்றுத் தண்ணீர் விடிய அள்ளினால் சூடாகத்தான் இருக்கும். இது இங்கே பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். கொமட் விற்கப் போன எனக்கு மறந்து போனது.

"செல்வம்," என்றேன். "பரலை வெளியாலை எடு."

4. பரலின் புது உத்தியோகம்

கரண்ட் சீற்றைக் கழற்றினோம். குமிழ் திருப்புகிற சீற்றைப் பூட்டினோம். பாத்ரூம் சுவருக்கு வெளியே பனங்குற்றி நாட்டி, ஆள் உயரத்துக்கு மேலே பரலை ஏற்றி, அதிலிருந்து நேரே பிடேக்கு ஒரு பைப். மேலே குளிர்ந்த தாங்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விடிய ஐந்து மணிக்குக் கமலாக்கா மோட்டரைப் போட்டுக் கிணற்றிலிருந்து பரலை நிரப்புவா. கரண்ட் போனாலும் பரலில் தண்ணீர் இருக்கும். அவாவுக்கும் நிம்மதி, உள்ளே மாணிக்கத்தாரின் காலுக்கும் இடம்.

ஒரு குறை. வாடைக்காற்றில் பரல் கெதியாகக் குளிர்ந்தது. அதற்கு மாணிக்கத்தாரே வழி கண்டார். மகள் முந்தி அனுப்பிய பனி ஜக்கெற் ஒன்று, வன்னியில் யார் போடுவது என்று அலுமாரியில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து பரலுக்குப் போட்டு, சிப்பை இழுத்து, இரண்டு கையையும் முன்னால் முடிந்துவிட்டார். பின்னால் வைக்கோல் அடைத்தார். தூரத்தில் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் நிற்பதுபோல் இருந்தது.

கழற்றிய சீற்றைக் கடைக்குக் கொண்டு போனேன். முதலாளி குதித்தார்.

"ஒருக்கா ஆள் இருந்த சீற்றைத் திருப்பி எடுக்கிற கடை உலகத்திலை எங்கையெண்டாலும் இருக்கோ?"

"அந்த வெள்ளைக் கொமட்டிலை நான் பத்து வருசம் இருந்தனான். அதை நீங்கள் புதுசெண்டுதானே வித்தனீங்கள்?"

வெற்றிலையை விழுங்கிவிட்டார். சீற் பழைய இடத்துக்குப் போனது.

தை பிறந்து வதனி வந்தா. வந்த அன்றே எனக்குப் போன் செய்து, "அன்ரி, நாளைக்கு விடிய நீங்களும் வாங்கோ," என்றா. குரலில் ஈரமில்லை. நான் போனபோது அவா பாத்ரூமுக்குள், கதவு பூட்டியிருந்தது. மாணிக்கத்தார் முற்றத்தில் பொல்லோடு நின்றார், வாய்மொழிப் பரீட்சைக்கு நிற்கிற மாணவன் மாதிரி. வயலில் கதிர் பழுத்துத் தலை சாய்த்து நின்றது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கால் மணித்தியாலம். அரை மணித்தியாலம்.

கதவு திறந்தது.

"சுடுதண்ணி வருது. ஹீற்றர் எங்கையப்பா?"

அவர் பொல்லால் கிணற்றைக் காட்டினார். பிறகு பரலைக் காட்டினார். வதனி தான் அனுப்பிய ஜக்கெற்றைப் பார்த்தா. முதலில் முகம் கோணியது. பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரித்துச் சிரித்து, பலாவில் சாய்ந்து அழுதா. ஒஸ்லோக் கதை அதோடு முடிந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு வெட்டும் முடிந்தது.

நான் இதில் படித்தது ஒன்றுதான். அறையை அளக்க முதல், "உள்ளை பரல் எங்கை நிக்குது?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த அத்தனை வாடிக்கையாளரிடமும் கேட்டேன். ஒருவராவது இல்லை என்று சொன்னதில்லை.

வதனி திரும்பிப் போன அன்றைக்கும் நான் வழியனுப்பப் போனேன். வாகனத்தில் ஏறியவ இறங்கி வந்து, "அப்பா, அந்த ஜக்கெற்றைத் தாங்கோ. அங்கை போய் இறங்கேக்கை சரியான குளிர்," என்றா.

மாணிக்கத்தார் பரலுக்கு முன்னால் போய் நின்றார்.

"உனக்கு அங்கை ஹீற்றர் இருக்கு, மோனை. இதுக்கு ஆர் இருக்கினம்?"

அவா சால்வையைப் போர்த்துக்கொண்டு போனா.