முழங்கை வரை ஏறிய பட்டைகள்

யூரோ புழக்கத்துக்கு வந்த புதிது. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் பழம்பொருள் சந்தையில் பீங்கான் தட்டுகள் விற்ற அந்த யாழ்ப்பாணத்துக்காரர், குளிருக்குப் பழைய பிரிட்டிஷ் ராணுவக் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். வலது கையில் கூரை வடிவத்தில் சின்னச் சின்னப் பட்டைகள். அடியில் ஒன்று சிவப்பு, மேலே எல்லாம் நீலம்.

பழைய சீருடைகள் என் பைத்தியம் என்பதால், அவை எனக்குத் தெரியும். முதல் உலகப் போரில் கடல் கடந்து பணியாற்றிய ஆண்டுக்கு ஒரு பட்டை. முதல் ஆண்டே போனவர்களுக்கு மட்டும் சிவப்பு. ஆனால் இவருடையவை முழங்கையைத் தொட்டிருந்தன.

ஆள் மாட்டினார் என்று நினைத்து, "அண்ணே, அந்தப் போர் இவ்வளவு வருஷம் நடக்கலையே?" என்றேன்.

"அவையின்ரை சண்டை முடிஞ்சுது தம்பி. நான் இன்னும் வெளிநாட்டிலைதானே நிக்கிறன்! கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்திலை வந்திறங்கின நாள் வர, வருசா வருசம் என்ரை மனிசி பட்டை ஒண்டு தைச்சு விடுவா."

பிறகு என் வெறுங்கையைப் பார்த்தார். "நீர் வந்து எவ்வளவு காலம்?"

"மூணு வருஷம்."

தகர டப்பாவைக் கிளறி மூன்று நீலப் பட்டைகளை எடுத்து நீட்டினார். சிவப்பு ஒன்று கேட்டேன்.

"ஏலாது. அது முதல் வந்த ஆக்களுக்கு."

நான்காம் ஆண்டு முடிந்த வாரமே, நான் வசித்த ஆஹென் நகரிலிருந்து ரயிலேறி அவரைத் தேடிப் போனேன்.