பேபி செக்‌ஷனுக்கு ஒரு மெமோ

அந்த மனிதரின் பின்கழுத்து எனக்கு மனப்பாடம். ஞாயிறு ஆராதனையில் ஆண்கள் பக்கம் முன்வரிசை ஓரத்தில் அவர் உட்காருவார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை ஓரத்தில் நான். ஆயர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் என் கண் அந்தக் கழுத்திலேயே நிற்கும். மன்னிக்கும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு நர்சரி பள்ளிக்கு அவர் கரஸ்பாண்டன்ட். நான் அங்கே எல்கேஜி டீச்சர். குழந்தை வளர்ச்சியில் பட்டம், அதற்கு மேல் முன்பருவக் கல்வியில் ஒரு டிப்ளமோ. வேலைக்குச் சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் இது வழக்கம்தான். பாதி வருஷத்தில் டீச்சர் ஓடிப்போகாமல் இருக்க அந்தப் பூட்டு. நானும் மற்றவர்களைப் போலத் தலையாட்டிக் கொடுத்துவிட்டேன்.

கருமத்தம்பட்டியில் தறி வைத்திருந்த ஒருவர் தன் மகனை எங்கள் பள்ளியில் சேர்த்திருந்தார். மூன்று வயது அப்போதுதான் முடிந்திருந்த பையன். பென்சிலைப் பார்த்தாலே அழுவான். அவர் வந்து, பிள்ளைக்கு எழுத்து வரவில்லையே, டியூஷன் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். இந்த வயதுக்கு எழுத்தே வேண்டாம், மண்ணிலும் தண்ணீரிலும் விளையாட விடுங்கள், கை தானாகத் திரும்பும் என்று படித்ததைச் சொன்னேன். மனிதர் சந்தோஷமாகப் போய்விட்டார். சாயங்கால டியூஷன் எங்கள் கரஸ்பாண்டன்டின் மனைவி நடத்துவது என்பது எனக்குத் தெரியும். கரஸ்பாண்டன்ட் காதுக்கு இது போக எவ்வளவு நேரமாகும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. மறுநாளே போனது.

அடுத்த திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும், மற்ற டீச்சர்கள் பார்க்க, என்னைக் கூப்பிட்டு மெமோ கொடுத்தார். பள்ளியின் லெட்டர்ஹெட், கையெழுத்து, வட்ட முத்திரை. இன்று முதல் எல்கேஜி பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பேபி செக்‌ஷனில் பிரின்சிபாலின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என்னை நன்றாகக் கூச வைக்க வேண்டும் என்று வேலைகளை வரிசையாக எழுதியிருந்தார். பால் புகட்டுவது, மலஜலம் சுத்தம் செய்வது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது வரை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பேபி செக்‌ஷன் என்பது வேன் ஷெட்டுக்குப் பின்னால், மேலே சிமென்ட் ஷீட் போட்ட ஒரு நீள அறை. மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப் போவார்கள். அதற்கு லைசென்ஸ் எதுவும் கிடையாது. அங்கே ஒரு ஆயா மட்டும் இருந்தாள், ஏறக்குறைய என் வயது. நான் மெமோவைக் கையில் சுருட்டிக்கொண்டு போய் நின்றபோது அவள் ஒரு பழந்துணியை என் தோளில் போட்டு, அழுதுகொண்டிருந்த ஒன்றைத் தூக்கி அதன்மேல் சாய்த்தாள். அவளுக்கு எந்த அழுகை பசி, எந்த அழுகை காது வலி என்று தெரியும். கதவுக்கு முதுகைக் காட்டிப் படுக்க வைத்தால் சீக்கிரம் தூங்குகிற குழந்தை எது, தட்டினால் முழித்துக்கொள்வது எது என்றும் தெரியும். நான் படித்த பாடங்களில் பாதி அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் என்று தகவல் வந்தால் ஒரு காரியம் நடக்கும். குழந்தைகளை எல்லாம் பள்ளி வேனில் ஏற்றி, எங்கள் இருவரையும் கூட ஏற்றி, அதிகாரி போகும்வரை பெரியநாயக்கன்பாளையம் வரை போய்ப் போய்த் திரும்பச் சொல்வார் கரஸ்பாண்டன்ட். ஜன்னலில் துண்டைக் கட்டி வெயிலை மறைத்துக்கொண்டு, மடியில் இரண்டு, பக்கத்தில் மூன்று என்று வைத்துக்கொண்டு நாங்கள் சுற்றுவோம். டிரைவருக்குச் சிரிப்பு. ஒரு முழுப் பள்ளி வருஷம் இப்படிப் போனது. பிறகு எல்கேஜிக்கு ஆள் கிடைக்காமல் என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டார். மெமோவை நான் பைபிள் உறையின் ஜிப்புக்குள் வைத்திருந்தேன். என்றைக்காவது இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

சில வருஷம் கழித்து, கணவர் வேலை செய்த பம்ப் கம்பெனியில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியாவில் முன்பருவ ஆசிரியைகளுக்குத் தேவை இருக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். என் படிப்பையும் அனுபவத்தையும் அங்கத்து மதிப்பீட்டு ஆபீஸ் ஒப்புக்கொண்டால்தான் விசா. வீட்டுக் கடனுக்குக் கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி ஒரிஜினல்களை பீரோவிலிருந்து வெளியே எடுத்தேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதில் வந்தது. உங்கள் அனுபவம் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளோடு மட்டும்தான் தெரிகிறது, இரண்டு வயதுக்குக் கீழே வேலை செய்ததற்குப் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் வயது, வேலை விவரம், நேரம், மேற்பார்வையாளர் எல்லாம் குறிப்பிட்ட ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள்.

அவரிடம்தான் போக வேண்டியிருந்தது. கேட்டேன். நின்றுகொண்டே கேட்டேன், அவர் அறையில் டீச்சர்கள் உட்காருவதில்லை. அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"பேபி செக்‌ஷன்னு ஒண்ணு நம்ம ஸ்கூல்லயே இல்லீங்களே அம்மணி. இல்லாததுக்கு நான் எப்படி லெட்டர் குடுக்கறது?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, இருவருக்கும் கேட்டது. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து மெமோவை எடுத்துப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. வயது இருக்கிறது. நேரம் இருக்கிறது. மேற்பார்வை யார் என்று இருக்கிறது. வேலைகள் ஒன்று விடாமல் இருக்கின்றன. என்னை அவமானப்படுத்த அவர் மெனக்கெட்டு எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த ஆபீஸ் கேட்ட வரி. அன்றே அனுப்பினேன். பள்ளிக்கு நேரடியாக மெயில் அனுப்பி இது உண்மைதானா என்று கேட்போம் என்று பதில் வந்தது.

மறுநாள் மெமோவின் ஜெராக்ஸை அவர் மேசைமேல் வைத்தேன்.

"உங்களுக்கு ஒரு மெயில் வருமுங்க சார். ஆமா, நான்தான் குடுத்தேன்னு ஒரு வரி எழுதிப்போட்டீங்கன்னா போதுமுங்க."

எழுதாவிட்டால் என்ன என்று கேட்டார். இதே தாள் கலெக்டர் ஆபீசுக்குப் போகும், கூடவே லைசென்ஸ் இல்லாததையும் பால்குடிக் குழந்தைகளை வேனில் சுற்ற விட்டதையும் நான் எழுதித் தருவேன் என்றேன். குரல் உயரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ங்க போட்டேன். அந்த மரியாதையை நான் அவ்வளவு ரசித்துச் சொன்னதே இல்லை.

அவர், "உக்காருங்க அம்மணி" என்றார். நான் உட்காரவில்லை. எழுதிவிடுகிறேன், இது இத்தோடு முடிந்தது, வெளியே போகாதில்லையா என்று கேட்டார். போகாது என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் எழுதினார். ஒப்புதல் வந்தது. என் பட்டத்தை அவர்கள் நாட்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்றுக்கொண்ட கடிதத்தை நானும் கணவரும் நாலைந்து முறை படித்தோம். நியாயமாக அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டிப் பெருமை பேசினார். நம்ம ஸ்கூலில் உருவான பிள்ளை, சின்னக் குழந்தைகளிடம் வேலை செய்யும் டிரெய்னிங்கை நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், அதனால்தான் இன்றைக்கு வெளிநாடு போகிறாள் என்றார். ஆயர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமை பள்ளி கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. என் போட்டோ, பக்கத்தில் ஒரு விமானம், அதற்கும் பெரிதாக அவர் போட்டோ. கீழே, அட்மிஷன் நடைபெறுகிறது.

நான் அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்று முழுதாகப் படித்தேன். படித்துவிட்டு வகுப்புக்குப் போகாமல் துடியலூர் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். மெமோவின் காப்பியோடு இரண்டு பக்கம் எழுதி கலெக்டர் ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். வாக்குத் தவறினேன். தெரிந்தே தவறினேன், பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு குளிர்ந்து கிடந்தது.

இந்த முறை அதிகாரிகள் சொல்லாமல் வந்தார்கள். வேன்கள் எல்லாம் ஷெட்டுக்கு வெளியே டிரிப்பில் இருந்தன. அறையைப் பூட்டி, குழந்தைகளை அம்மாக்களை வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள் என்று, அதற்குள் வேலையை விட்டிருந்த எனக்கு ஒரு டீச்சர் போனில் சொன்னாள். எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். ஆனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதோ அபராதம் கட்டினார். அடுத்த மாதமே அந்த அறைக்கு டைல்ஸ் போட்டு அபாகஸ் வகுப்பு ஆரம்பித்துவிட்டார். முன்வரிசையில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்.

விசா வந்த வாரம் ஆயா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெட்டிகள் கூடத்தில் திறந்து கிடந்தன. காபி கொடுத்தேன், குடித்தாள். வேலை போய்விட்டதே, இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அன்றைக்கே போய்விட்டது, ஒரு மாதமாகச் சும்மாதான் இருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் மறைக்க முடியாமல், அந்தத் தபாலைப் போட்டது நான்தான் என்றேன்.

"தெரியுமுங்க டீச்சர். சார் சொன்னாருங்க."

கோபம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னாள். கவுண்டம்பாளையத்தில் ஒரு காப்பகத்தில் ஆள் எடுக்கிறார்களாம். முன்னால் எங்கே வேலை செய்தாய், பேப்பர் கொண்டு வா என்கிறார்களாம். பேபி செக்‌ஷனே இல்லை, உனக்கு என்ன பேப்பர் என்று சார் துரத்திவிட்டாராம்.

"நீங்க ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புன பேப்பர்ல, நானும் உங்க கூட இருந்தேன்னு எங்காச்சும் இருக்குமுங்களா? இருந்தா அதுல ஒரு காப்பி குடுங்க டீச்சர்."

மெமோவோடு என் அனுபவத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து தேடினேன். அழுகையை வைத்துத் தேவையை அறிந்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் தூங்கும் முறையைக் கவனித்துத் திட்டமிட்டேன். பாலுக்கு மறுக்கும் குழந்தையை இப்படிப் பழக்கினேன். ஆறு பக்கமும் நான், நான், நான். அவள் எந்த வரியிலும் இல்லை.

அவள் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, ஆங்கிலம் படிக்கத் தெரியாமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று நான் சொல்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.