தங்கச்சி கையில் எழும்பிய தடிப்பு

நைனாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை. அம்மா செத்த பிறகு சமையல் என் தலையில் விழுந்தது. அன்று முதல் அவர் என்னை "யம்மா" என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பதினாறு வயது, தங்கச்சிக்கு ஒன்பது. ராயபுரத்தில் ஒற்றை அறை வீடு. எங்கள் வரிசையில் இருமல் கேட்காத வீடு கிடையாது.

ஒரு நாள் நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "யம்மா, வெளிதேசத்து கவர்மெண்டுங்கல்லாம் நம்ம கவர்மெண்டோட சேந்து காசத்துக்கு ஊசி போடப் போறாங்களாம். அதுக்கு வந்த ஜீப்பை நாந்தான் கப்பல்லேர்ந்து எறக்கினேன்" என்றார். முகம் தெரியாத யாரோ நம் பிள்ளைகளை நினைத்தார்களே என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் முகாம். முதலில் முன்கையில் சின்னதாக ஒரு குத்து. மூன்றாம் நாள் வந்து காட்ட வேண்டும். தடித்திருந்தால் கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஊசி கிடையாது. தடிக்காதவர்களுக்குத்தான் தடுப்பூசி. ஊழியர் இதைச் சொல்லத்தான் சொன்னார். யார் காதில் ஏறியது? எங்களுக்குத் தெரிந்தது அம்மை குத்துவது. அதில் கை எழும்பினால்தான் மருந்து பிடித்தது என்று அர்த்தம். எழும்பாவிட்டால் மறுபடி குத்துவார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

தங்கச்சி கை எழும்பவே இல்லை. "அக்கா, இன்னொரு வாட்டி குத்துவாங்களா?" என்று இரண்டு நாளும் சோறு இறங்காமல் அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அந்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். நன்றாகச் சிவந்து வீங்கியது.

முகாமில் வரிசை தெருமுனை வரை நின்றது. ஊழியர் சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டு, "போம்மா" என்றார். வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தாள். நான் பெரிய கெட்டிக்காரி போல நடந்தேன். சனியன் பிடித்த கெட்டிக்காரி.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு இருமல் வந்தது, பிறகு ரத்தம். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். கை எழும்பிய கதையைக் கேட்ட டாக்டர், எழும்பினால் ஊசியே போட்டிருக்க மாட்டார்களே என்று பொறுமையாக விளக்கினார். நான் செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த தங்கச்சிக்கும் புரிந்துவிட்டது. "நைனாகிட்ட சொல்லாத அக்கா. உன்னியத்தான் திட்டும்" என்றாள். அவளை மூலக்கொத்தளத்தில் புதைத்தோம். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்தவள் நான்.

மறுபடி முகாம் வந்தபோது நைனா பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுகொண்டார். "என் பொண்ணுக்குப் போட்டாங்க, செத்தா. எல்லா கவர்மெண்டும் ஒண்ணா சேந்து நம்மள ஏமாத்திகினு கீது. வூட்டுக்குப் போங்க" என்றார். பிள்ளை செத்தவன் வாய்ச்சொல். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். அந்தக் குழந்தை இருமியது.

"நைனா, அவளுக்கு ஊசி போடவே இல்ல" என்றேன். "நாந்தான் சுண்ணாம்பு தடவி வீங்க வச்சேன். ஊசிக்கு பயந்து அழுதாளேன்னு செஞ்சேன்."

அத்தனை பேர் முன்னால் அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். வாசலை விட்டு விலகி நின்றார். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உள்ளே போனார்கள்.

அதன் பிறகு பதினோரு வருஷம் நான் வைத்த சோற்றைத்தான் சாப்பிட்டார். "யம்மா" என்று மட்டும் கூப்பிடவே இல்லை.