சுபேதாருக்கு அடித்த ஏழு போர்டுகள்

பிளக்ஸ் கடைக்காரனுக்கு ஊரில் யார் போனாலும் வீட்டுக்காரர்களுக்கு அடுத்தபடியாகத் தெரிந்துவிடும். உட்கார்ந்து அழத்தான் நேரம் இருக்காது. கண்ணீர் அஞ்சலி போர்டு அடித்தே கண் பூத்துப்போன சக டிசைனர்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் பொறாமைப்பட்ட ஆளுக்கே போர்டு அடித்திருக்கிறீர்களா? நான் அடித்தேன். ஒன்றல்ல, ஏழு.

ஆள் சுபேதார் செல்லத்துரை. சுசீந்திரம் பக்கம், எங்கள் ஊர்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். அவர் சுபேதாராகத் திரும்பி வந்தார். நான் அதற்குக் கீழே, ஹவில்தார் கிளார்க்காக வந்தேன். வந்த பிறகு அவர் ஊருக்கே பெரியவர் ஆனார். நான் கோட்டாற்றில் பிளக்ஸ் கடை போட்டேன். எனக்கு வயிறெரிந்தது. அவரே போய்விட்டார், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

யாருடைய ஆள்?

சாவுச் செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் கடையில் நிற்க இடமில்லை. ஊர்க் கமிட்டி, ஜமாத், மாதா கோவில் பங்கு, ஆட்டோ ஸ்டாண்டு என்று ஏழு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் ‘எங்க ஆளு’. பக்கத்தில் நிற்பவன் போர்டைவிட நம்ம போர்டு ஒரு அடியாவது கூட இருக்கணும் என்று எல்லாரும் தனித்தனியாக வந்து என் காதில் சொன்னார்கள். செத்தவருக்கு இத்தனை பேர் சண்டை போடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டோ ஸ்டாண்டு மாகீன் ‘எங்கள் வழிகாட்டி’ என்று போடச் சொன்னான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அவருக்கு ஆட்டோவே ஓட்டத் தெரியாதே மக்கா?” என்றேன். மாகீன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஓட்டத் தெரியாட்டா என்ன அண்ணே? ஸ்டாண்டுக்கு எடம் கேட்டு எட்டு மாசம் ஆபீஸ் ஆபீஸா நடந்தது அவருல்லா. நீங்களா நடந்திய?”

சிங்கம்

ஊர்க் கமிட்டிச் செயலாளர் நடராஜன் சார் பட்டங்களை ஒரு முழுத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார். குளம் மீட்ட செம்மல், கலவரத்தில் நடுவில் நின்ற நாயகன், எல்லை காத்த சிங்கம். முதல் இரண்டையும் டைப் அடித்துவிட்டேன். குளத்தை அவர்தான் மீட்டார், கலவரத்தில் அவர்தான் நடுவில் நின்றார், நான் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்த மூன்றாவது? அதற்கு மட்டும் விரல் ஓடவே இல்லை.

அந்த எல்லையில் நானும் இரண்டு குளிர்காலம் இருந்தேன் ஐயா! அவர் வெளியே துப்பாக்கியோடு நின்றார். நான் கூடாரத்துக்குள் அவருடைய லீவு ஆர்டரை டைப் அடித்தேன். குளிர் என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவர் சிங்கமென்றால் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிப் பட்டமாவது கிடையாதா? வாய்விட்டே சொன்னேன்: “சார், நானும் பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தவன்தான்.” நடராஜன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க பட்டாளத்துலயா இருந்திய? நான் இம்புட்டு நாளும் கல்ஃப்புனுல்லா நெனச்சேன்!”

மாலை

ஏழாவது போர்டு முன்னாள் படைவீரர்களுடையது. கீழே உறுப்பினர்கள் படம் வட்டம் வட்டமாக வரும். நானும் உறுப்பினர்தானே? இருபத்தைந்து வயதில் யூனிபார்மில் எடுத்த என் படத்தைக் கடைசி வட்டத்தில் வைத்தேன். மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன், பொய் சொல்லக்கூடாது. என்ன நடந்திருக்கும் என்று தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுபேதார் படத்துக்குப் போட்ட ரோஜா மாலையின் காப்பி ஒன்று, அவசரத்தில் என் படத்தின் மேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கே போர்டைக் கட்டிவிட்டார்கள். ஊர் மொத்தமும் அதற்குக் கீழேதான் துட்டி விசாரிக்கப் போய்வந்தது. என் பெண்டாட்டியும் போய்வந்தாள். சாயங்காலம் நாலு மணிவரை ஒரு போன் இல்லை. கடைசியில், போர்டு கட்டுகிற தங்கராஜ்தான் கூப்பிட்டான்.

“அண்ணே, போர்டுல நீங்களும் செத்துருக்கிய. இப்பமே அவுக்கணுமா, இல்ல நாளைக்கு எப்படியும் அவுப்போம்லா, கெடக்கட்டுமா?”

குவார்ட்டர்ஸ்

மறுவாரம், போர்டுக்காக வாங்கிய படத்தைத் திருப்பிக் கொடுக்க சுபேதார் வீட்டுக்குப் போனேன். நான் அந்த வீட்டுப் படி ஏறி வருஷக்கணக்காகிறது. அவரும் என் கடை வாசல் வழியாக வரமாட்டார், அடுத்த தெருவில் சுற்றித்தான் போவார். சுபேதார் என்கிற தலைக்கனம் என்றே நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அவர் மனைவி ரெத்தினம் காப்பி கொண்டுவந்து வைத்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், “ஊரே திரண்டு வந்துட்டுது, கொடுத்துவச்ச மனுஷன்” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே எரிச்சல் துளிகூடக் குறையவில்லை. அந்த அம்மா படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடியே சிரித்தார்.

“அவரா கொடுத்துவச்சவரு? சாகுற வரைக்கும் அவருக்கு உங்க மேல பொறாமைல்லா அண்ணே! ‘கிளார்க்குப் பய குவார்ட்டர்ஸ் வாங்கி பெஞ்சாதி பிள்ளையளோட இருந்தான், நான் எம்மவ நடந்ததையே கடுதாசியிலதான் பாத்தேன்’னு சொல்லிச் சொல்லி மாய்வாரு. உங்க மொகத்தப் பாத்தா அந்த ஞாவகம் வருமாம், அதான் சுத்திப் போவாரு.”

பதவியில், பேரில், கூடிய கூட்டத்தில் என்னை முந்தியது போதாதென்று, எனக்கே எனக்கென்று மிச்சமிருந்த அந்த ஒரு பொறாமையிலும் சுபேதார் என்னை முந்திக்கொண்டு போய்விட்டார்.